செவிக்கருவியும் அதன் விலையும்

தோற்றுவாய்

ஐம்பொறிகளுள் செவி தனித்ததோர் இயல்புடையது. கண்ணுக்கு இமை காவல். நாவுக்கு இதழ் காவல். செவிக்கோ இயற்கை ஒரு கதவும் அமைத்திலது. உறங்கும்போதும் அது திறந்தே கிடக்கின்றது. அவ்வாயில் வழியே வருவதனை ஒரு செல்வமாகவே மதித்து, வள்ளுவனார் தம் நூலின் 42-ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கென வகுத்தருளினார்.

இந்நாளில் அவ்வாயிலில் ஒரு சிறு கருவி குடிபுகுந்துள்ளது. செவித்துளையினுள் செருகப்படும் அதனை மக்கள் இயர்போன் என வழங்குவர். மதுரை மாநகரில் கே.கே. நகர்ப் பகுதியை ஒருமுறை சுற்றி வருவார்க்கு இதன் ஆட்சி நன்கு விளங்கும். அறையெடுத்துத் தங்கிப் பயிலும் மாணவர் செவியில் அது. வண்டியூர்க் கண்மாயின் பக்கம் காலையில் உலவுவார் செவியில் அது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திற் காத்து நிற்பார் செவியிலும் அதுவே.

இதன் விலையோ சில நூறு ரூபாயில் தொடங்கி 1,00,000 ரூபாய்க்கும் மேற்செல்கின்றது. ஜெர்மனி நாட்டுச் சென்ஹைசர் நிறுவனத்தாரின் ஐ.இ. 900 என்னும் இயர்போன் 2021-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 1,300 டாலர் விலைக்கு வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, சீன நாட்டு மூன்டிராப் நிறுவனத்தார் தம் சூ என்னும் கருவியை 20 டாலர் அளவான விலைக்கு வெளியிட்டனர். முன்னதன் விலை பின்னதனைப்போல் 65 மடங்கு. ஆயின், முன்னது தரும் இன்பமும் 65 மடங்காகுமோ? ஒரு மடங்கேனும் மிகுமோ?

இவ்வினா வெறும் வேடிக்கை வினா அன்று. நம்மிற் பெரும்பாலார்க்குச் சொந்த வருவாய் இல்லை. நாம் செலவிடும் பொருள் பெற்றோர் வியர்வையின் பயன். அங்ஙனமாகவும், மாதத் தவணை என்னும் எளிய வழி ஒன்று இருத்தலின், ஒரு குடும்பத்தின் திங்கள் வருவாயை ஒரு விரல்நுனி அளவுள்ள பொருளுக்கு ஈடு வைத்தல் இன்று நம்மிடையே அரிய செயல் அன்று. ஆகலின் இப்பொருளை நடுநிலையோடு ஆராய்தல் தகும் எனத் துணிந்தனம்.

கருவியின் அமைப்பு

இயர்போன்களுட் பெருவழக்காயுள்ளவை இருவகை. முதல்வகையில், மெல்லிய சவ்வொன்றிற் கம்பிச்சுருள் பிணைக்கப்பட்டுக் காந்தத்தின் இடையே நிற்கும். சுருளில் மின்னோட்டம் மாறிமாறிப் பாயுங்கால் சவ்வு அதிர்ந்து ஒலியைப் பிறப்பிக்கும். இதனை டைனமிக் வகை என்பர். இரண்டாம் வகையில், காந்தங்களின் நடுவே ஒரு நுண்ணிய இரும்பு நாக்கு நின்றசைந்து, தன்னோடு இணைந்த சிறு தகட்டினை அதிர்விக்கும். இது பேலன்ஸ்டு ஆர்மேச்சர் எனப்படும்.

இவ்விரண்டாம் வகையின் வரலாறு நினைக்கத்தக்கது. செவிப்புலன் குன்றியோர் அணியும் கருவிக்குச் சின்னஞ்சிறிய ஒலியுறுப்பு வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஹ்யூ நோல்ஸ் என்பார் 1946-இல் தொடங்கிய நிறுவனம் அத்தகைய உறுப்புகளை ஆக்குவதிற் பெயர்பெற்றது. பின்னர் மீட் கில்லியன் என்னும் ஒலிநூல் வல்லுநரின் எடிமோடிக் நிறுவனம், 1991-இல் வெளியிட்ட ஈ.ஆர். 4 என்னும் இயர்போனில் அவ்வகை உறுப்பையே இசை நுகர்ச்சிக்குப் பயன்படுத்திற்று. 1995-இல் ஜெரி ஹார்வி என்னும் ஒலிப்பொறியாளர், வான் ஹேலன் குழுவின் முழவிசைஞர் மேடையிற் பயன்படுத்துதற்கென இயர்போன் சமைத்து, அதன்வழி ஒரு புதிய தொழிலுக்கே வித்திட்டார். இன்று 64 ஆடியோ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஓர் இயர்போனில் செவியொன்றுக்குப் பதினெட்டு உறுப்புகள் உள்ளன; அது 2,999 டாலர் விலைக்கு வெளிவந்தது. கேளாச் செவிக்குத் துணையாக எழுந்த பொருள், கேட்கும் செவியின் ஆடம்பரமாக வளர்ந்த விந்தை இது.

நிற்க, இக்கருவியில் மிக மலிவான உறுப்பு ஒன்றுண்டு. அதுதான் நுனியில் மாட்டப்படும் சிலிக்கோன் உறை. அது செவித்துளையை இடைவெளியின்றி அடைத்தல் வேண்டும். சிறிது வெளி நேரினும் தாழ்ந்த ஒலிகள் கசிந்து மறையும். மிருதங்கத்தின் இடந்தலை முழக்கம் தட்டைத் தட்டிய ஓசையாய்விடும். பொருந்தாத உறையோடு கூடிய 50,000 ரூபாய்க் கருவியினும், பொருந்திய உறையோடு கூடிய 1,500 ரூபாய்க் கருவி நன்றாக ஒலித்தல் கூடும். ஒருவர் செவித்துளை மற்றொருவர் செவித்துளையை ஒப்பதன்று. ஆதலின் ஒருவர் புகழ்ந்த கருவி மற்றொருவர்க்குச் சுவையற்றிருத்தலும் வியப்பன்று.

விலையும் பண்பும்

விலை கூடுந்தோறும் கூடுவது யாது எனக் காண்போம். சுருதி கூடுமோ எனின், கூடாது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் அத்துணை நுட்பமாக ஆராய்ந்த சுருதி வேறுபாடுகளை மலிந்த இயர்போனும் பிறழாமற் காட்டும். சட்சமம் சட்சமமாகவே ஒலிக்கும். பஞ்சமம் பஞ்சமமாகவே ஒலிக்கும். கருவிக்குக் கருவி வேறுபடுவது ஒலிவண்ணமே. ஒரே சுருதியை வீணையும் குழலும் எழுப்பினும் இது வீணை, இது குழல் என நாம் அறிவது எதனால்? அடிப்படை ஒலியோடு உடன்பிறக்கும் மேலொலிகளின் அளவு வேறுபாட்டால் என்க. இயர்போன் தாழ்ந்த ஒலி, இடையொலி, உயர்ந்த ஒலி என்பவற்றுள் எதனை மிகுத்து எதனைக் குறைத்துக் காட்டுகின்றதோ, அதற்கேற்ப வீணையின் வண்ணமும் பாடுவார் குரலின் வண்ணமும் மாறும். இச்சமநிலையே ஒலிநலத்தின் உயிர்நிலை.

இச்சமநிலை விலையோடு உயருமா? 2017-ஆம் ஆண்டில் யெரூன் பிரேபார்ட் என்னும் ஆராய்ச்சியாளர், செவியினுள் செருகுவனவும் செவிமேல் அணிவனவுமாகிய 283 கருவிகளின் ஒலிச்சமநிலையை அளந்து, கடை விலையோடு ஒப்பிட்டு, அமெரிக்க ஒலியியற் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். இரண்டற்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே அவர் முடிவு. ஒலிச்சமநிலை ஒன்றையே அவர் அளந்தார். உறுதி, அழகு முதலியவற்றை அளந்தாரல்லர். எனினும், விலை மிகின் ஒலியும் மிகும் என்னும் நம்பிக்கையின் வேரை இம்முடிவு அசைத்துவிட்டது.

மலிந்த கருவிகள் இத்துணை நலம் பெற்றதற்குக் காரணமும் உண்டு. ஷான் ஆலிவ் என்பாரும் அவருடன் உழைத்தோரும், மக்கள் எவ்வகைச் சமநிலையை விரும்புகின்றனர் எனக் கேட்போரைக் கொண்டே சோதித்து, ஹார்மன் வளைகோடு எனப்படும் ஓர் அளவை வகுத்து வெளியிட்டனர். முன்பு சில நிறுவனங்களின் தொழில் மறையாக இருந்தது இதனால் யாவர்க்கும் பொதுவாயிற்று. அளவுகோல் தெரிந்தபின் அதற்கேற்ப ஒரு சிறு சவ்வினைப் பொருத்துதல் சீனத் தொழிற்சாலைகட்கு அரிதாகவில்லை. அறிவு பொதுவாகும் இடத்து விலை வீழ்தல் இயல்பன்றோ?

இன்னும் ஒன்று. கருவி எத்துணைச் சிறந்ததாயினும் பதிவில் இல்லாததனைப் படைத்துத் தரமாட்டாது. மதுரையிற் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் தம் முதல் இசைத்தட்டைப் பத்து வயதில், 1926-இல் பாடிப் பதித்தனர். அக்காலத் தட்டுகளில் மிக உயர்ந்த ஒலிகள் பதிந்தில. இலக்க ரூபாய்க் கருவியிற் கேட்பினும், அவ்விடத்து ஊசி உரசும் இரைச்சலே தெளிவுறுமன்றிக் குரலின் புதுநலம் ஒன்றும் தோன்றாது.

மிகுவிலை தக்கதாகும் இடங்கள்

இங்ஙனமாயின் மிகுவிலைக் கருவி யாவும் வீண் என முடித்தல் நேர்மையாகாது. தக்க இடங்களும் உள.

முதலாவது, தொழில். மேடையிற் பாடுவார்க்கும் ஒலிப்பதிவு செய்வார்க்கும் அது கருவியே, அணிகலன் அன்று. தச்சனுக்கு உளி எத்தகையதோ அவர்க்கு அது அத்தகையது. செவியின் அச்செடுத்து ஆக்கிய இயர்போன், பல மணி நேரம் நழுவாது வலியாது நிற்றல் அவர்க்கு இன்றியமையாதது.

இரண்டாவது, இரைச்சலை அடக்கும் ஆற்றல். வெளியிரைச்சலை நுண்ணிய மைக் ஒன்று கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே எழுப்ப, இரண்டும் தம்முள் மோதி அடங்கும். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவிற் பிறந்த பேராசிரியர் அமர் போஸ், 1978-இல் ஜூரிக் நகரினின்று திரும்பிய வானூர்திப் பயணத்தில் எஞ்சின் இரைச்சலால் இசை கெடுவது கண்டு, இதற்கான கணக்கினை அப்பயணத்திலேயே வகுக்கத் தொடங்கினார் என்பர். நாள்தோறும் பேருந்தில் நெடுந்தொலைவு செல்வார்க்கு இவ்வாற்றல் பயனுடையது. ஆயின் இதுவும் இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றது.

மூன்றாவது, செவித்துணை. ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் புரோ இரண்டாம் பதிப்பினைச் சிறிதளவும் நடுத்தர அளவும் செவி மந்தமுற்ற வளர்ந்தோர் செவித்துணைக் கருவியாகப் பயன்படுத்தும் வகைக்கு 2024-இல் அமெரிக்க அரசின் மருந்து ஆய்வுத்துறை இசைவளித்தது. அந்நிலையினர்க்கு அவ்விலை மிகையன்று.

ஆனால் கம்பியில்லாக் கருவிகளைப் பற்றி ஒன்று நினைவிலிருத்தல் வேண்டும். அவற்றினுள் இருக்கும் சிறு பேட்டரி ஆண்டுதோறும் வலியிழக்கும். அதனை மாற்றுதல் பெரும்பாலும் எளிதன்று. 24,000 ரூபாய்க்கு வாங்கிய கருவி மூன்றாண்டு உழைக்குமெனக் கொள்ளின், ஆண்டுக்கு 8,000 ரூபாய் செலவு. 2,000 ரூபாய்க்கு வாங்கிய கம்பியுள்ள கருவி நான்காண்டு உழைப்பின், ஆண்டுக்கு 500 ரூபாய். கம்பியைக் கழற்றி மாற்றும் வகையாயின், கம்பி அறுந்தவழியும் கருவி பிழைக்கும்.

தெரிந்தெடுக்கும் முறை

வாங்கக் கருதும் மாணவர் கீழ்க்காணும் முறைகளைக் கைக்கொள்வாராக.

1. இரு கருவிகளை ஒப்பிடுங்கால் ஒலியளவு இரண்டிலும் ஒத்திருத்தல் வேண்டும். சிறிது உரக்க ஒலிப்பது செவிக்குச் சிறந்ததுபோலத் தோன்றும், இம்மயக்கத்திற்கு இடந்தரலாகாது.

2. எது எவ்விலை என அறியாமற் கேட்க. நண்பர் ஒருவரைக் கொண்டு மாற்றி மாற்றிச் செருகச் செய்து, கண்மூடிக் கேட்பின் செவி உண்மை சொல்லும். விலையை முன்னறிந்த செவி விலையையே கேட்கும்.

3. நன்கு பழகிய பாட்டு ஒன்றினைக் கொள்க. திருச்சபையில் நாம் இளமை தொட்டுப் பாடும் கீர்த்தனை ஒன்றாயினும் சாலும். மனிதக் குரல் இயல்பாக ஒலிக்கின்றதா என்பதே முதற்சோதனை.

4. உடன்வரும் உறைகள் யாவற்றையும் மாட்டிப் பார்த்த பின்னரே கருவியைப் பழிக்க.

செவியைக் காத்தல்

இதுகாறும் பணத்தைப் பற்றிப் பேசினோம். இனிப் பணத்தினும் அரியதொன்றைப் பேசுதல் வேண்டும். பிறக்கும்போது நம் உட்செவி ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் உள. ஒலியலையை நரம்பிற்கு உணர்த்துவன அவையே. பேரொலியால் அவை அழியின் மீண்டும் முளையா. உலக நலவாழ்வு அமைப்பு, வளர்ந்தோர்க்கு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என எல்லை வகுத்துள்ளது. ஒலி 3 டெசிபல் உயருந்தோறும் நேரம் பாதியாகக் குறைதல் வேண்டும். ஆகவே 90 டெசிபலில் வாரத்திற்கு நான்கு மணி நேரமே ஏற்புடையது. உலகில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர் இவ்வகையிற் செவிக்கேடு உறும் நிலையில் உள்ளனர் என்றும் அவ்வமைப்பு எச்சரிக்கின்றது.

நம் ஊரின் நிலை இதனை இன்னும் கடுமையாக்குகின்றது. மாட்டுத்தாவணியில் பேருந்துகளின் ஊதொலிக்கிடையே பாட்டுக் கேட்கப் புகுவோர், அவ்விரைச்சலை வெல்லுதற்கு ஒலியை ஏற்றிக்கொண்டே போவர். செவியை நன்கு அடைக்கும் உறையும், இரைச்சலை அடக்கும் ஆற்றலும், குறைந்த ஒலியிலேயே பாட்டைத் தெளிவாகக் கேட்பிக்கும். ஒருவன் இயர்போனுக்குச் சிறிது மிகுத்துச் செலவிடலாம் எனின், அது இதன்பொருட்டே ஆகுக. ஆனால் சாலையைக் கடக்குங்கால் அதே அடைப்பு உயிர்க்கு ஊறாகும். அப்போது கழற்றிவிடுதலே அறிவுடைமை.

முடிவுரை

எம் கருத்தினைத் தொகுத்துரைப்போம். ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ரூபாய் வரை விலையுள்ள நல்ல கருவியொன்று மாணவர்க்கு வேண்டிய ஒலிநலத்தினைப் பெரும்பாலும் தந்துவிடும். அதற்குமேற் கொடுப்பது சிறுசிறு நுட்பங்கட்கும் உறுதிக்கும் அழகிற்கும் பெயருக்கும் கொடுப்பதாகும். தொழிலாலோ செவிக்குறையாலோ அதன் தேவையுள்ளார் கொடுப்பாராக. ஏனையோர் கடன்பட்டுக் கொடுத்தல் தகாது.

தாலந்துகளின் உவமையை நாம் இளமையிலேயே கற்றுள்ளோம். நம் கையில் உள்ள பொருளும் நம்முடையதன்று. நம் தலையில் உள்ள செவியும் நாம் விலைகொடுத்து வாங்கியதன்று. இரண்டும் நம்பி ஒப்படைக்கப்பட்டவை. இரண்டற்கும் கணக்கு உண்டு. இயர்போன் பழுதாயின் கே.கே. நகரில் மற்றொன்று வாங்கலாம். செவி பழுதாயின் செவித்துணைக் கருவி வாங்கலாம்; செவியை வாங்குதல் இயலாது. ஆகவே, மாணவ நண்பர்காள், கருவியை அளவான விலைக்கு வாங்குங்கள். ஒலியைத் தாழ்த்திக் கேளுங்கள். எஞ்சிய பொருளில் ஒரு நல்ல கச்சேரிக்குச் சென்று, இடையே கருவி யாதுமின்றி, வெறுஞ்செவியாற் கேட்டு மகிழுங்கள்.