பிறவியிலேயே இருக்கும் புரதம் ஐம்பது வயதில் கொல்லுமா?

கேள்வி: விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 52 வயதில் அல்சைமர் என்றார்கள். பெரிய அத்தைக்கும் ஐம்பதை ஒட்டித்தான் வந்தது. 'பிரெசெனிலின்' என்ற புரதம் கெட்டால் மூளை செல்கள் செத்துவிடும் என்று படித்தேன். பிறவியிலேயே கெட்ட புரதம் என்றால் ஐம்பது வயதுவரை அந்த செல்கள் எப்படித் தாக்குப்பிடித்தன? எங்கள் பீங்கான் மண்ணில் உள்ள அலுமினியமும் ஒரு காரணமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: ஆய்வாளர்களையே பல வருடம் திணறடித்த கேள்வி இது. பிரெசெனிலின் மரபணுக்கள் இரண்டும் 1995-இல் கண்டுபிடிக்கப்பட்டன. மறுவருடமே இரண்டு ஆய்வுகள் எதிரெதிராக வந்தன. எலியின் பிரெசெனிலின்-2 புரதத்தின் ஒரு துண்டு, சாக வேண்டிய நோயெதிர்ப்பு செல்களைப் பிழைக்க வைத்தது என்றது ஒன்று. முழுப் புரதத்தையும் அளவுக்கு மீறி உற்பத்தி செய்ய வைத்தால் செல்கள் தற்கொலை செய்துகொள்கின்றன, அல்சைமர் குடும்பத்து மரபணு மாற்றம் இருந்தால் இன்னும் அதிகமாகச் சாகின்றன என்றது மற்றது. ஒரு செல்லுக்குள் எந்தப் புரதத்தைத் திணித்தாலும் அது திண்டாடத்தான் செய்யும் என்று அப்போதே சிலர் ஆட்சேபித்தார்கள். நியாயமான ஆட்சேபம். அதற்குப் பதில் 1999-இல் கிடைத்தது. எலியின் சொந்த பிரெசெனிலின்-1 மரபணுவிலேயே அல்சைமர் குடும்பத்து மாற்றம் ஒன்றை மட்டும் புகுத்தினார்கள். புரதத்தின் அளவு கூடவில்லை. அந்த எலிகளின் நியூரான்கள் தாமாகச் சாகவில்லை. ஆனால் நரம்பு செல்களை அளவுமீறித் தூண்டும் கைனிக் அமிலத்தைக் கொடுத்தபோது, சாதாரண எலிகளைவிட அதிகமாக மடிந்தன. ஆக, மாறிய புரதம் தானே செல்லைக் கொல்வதில்லை, அதன் தாங்குசக்தியைக் குறைக்கிறது என்பதே என் முடிவு. ஐம்பது வருடக் கணக்கு இதில்தான் நேராகிறது.

எப்படிக் குறைக்கிறது? காமா செக்ரிடேஸ் என்ற நொதியின் வெட்டும் பகுதியே பிரெசெனிலின்தான். மாற்றம் ஏற்பட்டால் அது இடம் மாறி வெட்டுகிறது. எளிதில் திரளும், 42 அமினோ அமில நீளமுள்ள ஆமிலாய்டு என்ற புரதத் துண்டின் விகிதம் கூடுகிறது. செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கும் சீர்குலைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. நெருக்கடி வரும்போது கால்சியம் அளவுமீறிக் கொட்டி, மைட்டோகாண்ட்ரியா கசிந்து, கேஸ்பேஸ் என்ற வெட்டு நொதிகள் விழித்துக்கொண்டு செல்லைத் தற்கொலைக்குத் தள்ளுகின்றன. அப்படியானால் மூளை மட்டும் ஏன்? தோலிலும் இதே மரபணுதான் இருக்கிறது. ஆனால் அங்கே செத்த செல்லுக்குப் பதில் புதுசு வந்துவிடும், மூளையில் இழந்த நியூரானுக்கு அநேகமாக மாற்று கிடையாது. அல்சைமரில் எல்லா நியூரானும் இந்த ஒரே வழியில்தான் சாகிறது என்றும் சொல்ல முடியாது. நோயாளிகளின் மூளையில் செல் தற்கொலையின் முழு அடையாளங்கள் அரிதாகவே தென்படுகின்றன.

கெட்ட கத்தியை முடக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தாயிற்று. காமா செக்ரிடேஸைத் தடுக்கும் செமாகாசெஸ்டாட் மருந்தின் சோதனையை எலி லில்லி நிறுவனம் 2010-இல் நிறுத்தியது. மருந்து சாப்பிட்டவர்களின் நிலை இன்னும் மோசமானது, தோல் புற்றுநோயும் கூடுதலாக வந்தது. செல்களின் வளர்ச்சிக்கு வேண்டிய நாட்ச் புரதத்தையும் அதே நொதிதான் வெட்டுகிறது. பிரெசெனிலின்-1 அறவே இல்லாத எலிக்குட்டிகள் பிறந்த கையோடு செத்துப்போகின்றன.

அலுமினியத்துக்கு வருவோம். டயாலிசிஸ் செய்துகொண்டவர்களுக்கு 1970-களில் அலுமினியத்தால் மூளை பாதிக்கப்பட்டது உண்மைதான், ஆனால் அது வேறு நோய். பீங்கான் மண்ணில் அலுமினியம் சிலிக்காவோடு இறுகப் பிணைந்து கிடக்கிறது; உடம்பில் சேர்வது மிகக் குறைவு. உங்கள் தொழிலில் பயப்பட வேண்டியது சிலிக்கா தூசிக்கு. அது நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசத்தை விடாதீர்கள்.

ஒற்றை மரபணுவால் வரும் அல்சைமர், மொத்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் உங்கள் வீட்டில் இருவருக்கு ஐம்பது வயதிலேயே வந்திருப்பதால் சந்தேகிக்க இடமுண்டு. நரம்பியல் பிரிவுள்ள புதுச்சேரி ஜிப்மர் உங்களுக்குப் பக்கம்தான். மரபணு ஆலோசனை பெறாமல் நீங்களாகப் போய் ரத்தம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பரிசோதிக்க வேண்டியது அப்பாவை. அவரிடம் மாற்றம் இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அதைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று அதன் பிறகு நீங்கள் முடிவு செய்யலாம்.