உணவும் உண்மையும்

உண்ணும் பொருள் ஒன்றைக் கைவிடுவது தனி மனிதரின் செயல் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது குடும்பம் முழுவதையும் தொடும் செயலாகும். ஒருவர் தம் இலையிலிருந்து மீன் துண்டை ஒதுக்கினால், அதைச் சமைத்த தாயின் உள்ளம் நோகிறது. 'என் கைச்சோறு உனக்கு ஆகாதா?' என்ற கேள்வி, வாய்விட்டுக் கேட்கப்படாமலே வீட்டில் உலவத் தொடங்குகிறது. அந்தக் கேள்வியோடு ஓராண்டு வாழ்ந்தவன் நான். என் தங்கை மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், நெய் ஆகியவற்றையும் விட்டபோது எங்கள் வீட்டில் நேர்ந்ததையும், அதிலிருந்து நான் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். விடுதியில் தங்கிப் பயிலும் நண்பர்களே, இத்தகைய செய்தி என்றேனும் ஒரு நாள் உங்கள் வீட்டிலிருந்தும் வரலாம்.

பழைய நெறியும் புதிய நெறியும்

புலால் உண்ணாமை தமிழர்க்குப் புதிய கருத்தன்று. திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல்; 33ஆம் அதிகாரம் கொல்லாமை. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலாரும் புலால் மறுத்தலைத் தம் நெறியின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டார். ஆயினும் நம் நாட்டில் சைவ உணவு என்றால் பாலும் தயிரும் அதில் அடங்கும். அவற்றையும் விலக்கும் நெறிக்கு 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவர்தம் தோழர்களும் ஒரு சங்கம் கண்டனர். 'வீகன்' என்ற பெயரையும் இட்டனர். தமிழில் இதனை இன்று நனிசைவம் என்று வழங்குகின்றனர்.

பால் தொழிலில் காளைக் கன்றுக்கு மதிப்பில்லை. கறவை வற்றிய மாடு பெரும்பாலும் இறைச்சிக்கே போகிறது. ஆதலின் பாலும் கொலையோடு தொடர்புடையதே என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. அதனை நிறுவுவது என் நோக்கமன்று. அதை ஏற்றுக்கொண்ட ஒருவர் நம் வீட்டிலேயே இருந்தால் நாம் செய்ய வேண்டுவது யாது என்பதே என் கேள்வி.

எங்கள் தெருவும் எங்கள் வீடும்

நான் பிறந்து வளர்ந்தது கொச்சியின் மட்டாஞ்சேரியில். என் பாட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். தந்தையார் கடைவீதியில் மிளகும் சுக்கும் அடைந்து கிடக்கும் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுகிறார். சில தெருக்களுக்குள்ளே பல சமயத்தாரும் பல மொழியினரும் வாழும் ஊர் அது. ஒரு புறம் சமணர் கோயில். சமணருள் பலர் புலால் மட்டுமன்றி வெங்காயமும் கிழங்கும்கூட உண்ணார். ஆனால் பால் உண்பர். மற்றொரு புறம் கொங்கணியரின் திருமலைக் கோயில். கொங்கணியருள் மீன் உண்பாரும் உளர், உண்ணாதாரும் உளர். முஸ்லிம் வீடுகளில் ஆகுமானது, ஆகாதது என்ற கணக்கு உண்டு. 1568இல் கட்டிய யூதர் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. அத்தெருவில் வாழ்ந்த யூதர்களுள் பெரும்பாலோர் 1948க்குப் பின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் கலந்து உண்ணலாகாது என்பது அவர்கள் சமய விதி.

இத்தனை விலக்குகளையும் சிறு வயது முதலே அறிந்தவர்கள் நாங்கள். அயல் வீட்டுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பது என் தாயாருக்கு மனப்பாடம். குஜராத்தி வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கும்போது, "இதில் வெங்காயம் இல்லை" என்று சொல்லியே கொடுப்பார். அயலாரின் விலக்கை இவ்வளவு மதித்த நாங்கள், எங்கள் வீட்டுப் பெண்ணின் விலக்கை மட்டும் மதிக்கவில்லை. அயலார்க்கு அது சமயம். தங்கைக்கு அது பிடிவாதம் என்று தீர்ப்புக் கூறிவிட்டோம்.

ஒரு கரண்டி நெய்

தங்கை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது இம்முடிவுக்கு வந்தாள். தந்தையார் சினந்தார். நான் விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது கேலி செய்தேன். "வாழைக்கு வலிக்காதா?" என்று கேட்டேன். அவள் விடை கூறாமல் சோற்றையும் புளிக்குழம்பையும் ஊறுகாயையும் உண்டு எழுந்தாள்.

அவள் மெலிவதைக் காணப் பொறாத தாயார் ஒரு வழி கண்டார். பருப்பைக் கடையும்போது ஒரு கரண்டி நெய்யை அதில் கலந்துவிட்டார். நான் அதைப் பார்த்தேன். தாயார் கண்ணால் சாடை காட்டினார். நானும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அது நல்ல தந்திரம் என்றே அன்று எண்ணினேன்.

நான்காம் நாள் மாலை தங்கை அடுப்பங்கரைக்குச் சென்றாள். பருப்புச் சட்டியின் அருகே நெய்க் கிண்ணம் திறந்திருந்தது. அவள் தாயாரைக் கேட்கவில்லை. என்னிடம் வந்து, "அண்ணா, உனக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலை குனிந்தேன்.

மறுநாள் முதல் வீட்டில் சமைத்த எதையும் அவள் தொடவில்லை. தானே கஞ்சி வைத்துக்கொண்டாள். ரொட்டியும் பழமுமாகப் பொழுதைக் கழித்தாள். இரண்டு மாதம் சென்றபின் ஒரு நாள் கல்லூரிப் படிக்கட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். குருதியைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9.4 கிராம் என்று வந்தது. பெண்டிர்க்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது. "பார்த்தாயா, உன் கொள்கை செய்த வேலையை!" என்றார் தந்தையார். நான் விடுதி அறையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொள்கையா அந்த வேலையைச் செய்தது? வீட்டுப் பருப்பை நம்பி உண்ண முடியாதபடி செய்தவர்கள் நாங்கள் அல்லவா?

டர்பனில் நடந்தது

அக்காலத்தில் காந்தியடிகளின் தன்வரலாற்றை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய் அம்மையார் குருதிப்போக்கால் வருந்தி, டர்பன் நகரில் ஒரு மருத்துவரிடம் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தபோது, அம்மையாருக்கு மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க இசைவு வேண்டும் என்று மருத்துவர் தொலைபேசியில் கேட்டார். அடிகள் இசையவில்லை, அம்மையாரின் விருப்பத்தைக் கேட்டு அதன்படி செய்யலாம் என்றார். நோயாளியைக் கேட்க மாட்டேன் என்றார் மருத்துவர். அடிகள் டர்பனுக்கு விரைந்தார். தொலைபேசியில் பேசும் முன்பே சாற்றைக் கொடுத்துவிட்டதாக மருத்துவர் அங்கே தெரிவித்தார். உயிரைக் காப்பதற்காக நோயாளியை ஏமாற்றுவது தவறன்று என்பது அவர் கருத்து. அடிகள் அதை வஞ்சகம் என்றார்.

பின்னர் அவர் மனைவியாரிடமே சென்று நிலைமையைக் கூறினார். அம்மையார் திட்டமாக மறுத்துவிட்டார். மழைத் தூறலில், நடக்கவும் வலுவில்லாத அவரை அங்கிருந்து பீனிக்ஸ் குடியிருப்புக்குக் கொண்டு சென்றனர். அவர் பிழைத்து எழுந்தார்.

இதைப் படித்ததும் நூலை மூடி வைத்தேன். அந்த மருத்துவரும் என் தாயாரும் செய்தது ஒன்றே. இருவரும் தீயவர் அல்லர். காக்க வேண்டும் என்ற எண்ணத்தால் ஏமாற்றியவர்கள். ஆனால் உணவு என்பது நம்பிக்கையால் வாய்க்குள் செல்லும் பொருள். நம்பிக்கை போனபின் நல்ல உணவும் உள்ளே செல்வதில்லை.

அந்நூலிலேயே மறுபக்கமும் உண்டு. 1912இல் அடிகள் பாலை விட்டார். 1918இல் கடும் நோயுற்றுப் பல மாதம் தேறாமல் கிடந்தார். பசுவின் பாலையும் எருமைப் பாலையும் எண்ணியே நோன்பு கொண்டீர்; ஆட்டுப்பால் அருந்தலாமே என்று வழிகாட்டியவர் கஸ்தூரிபாய் அம்மையாரே. அடிகள் இசைந்தார், நோன்பின் சொல்லைக் காத்து உட்பொருளை இழந்தேன் என்று பின்னும் வருந்தினார். பாலின்றி வாழ்பவர் எதை ஈடாக உண்ண வேண்டும் என்பதை அன்றைய அறிவியல் முழுதும் அறிந்திருக்கவில்லை. உடலுக்கு இன்றியமையாத 'பி 12' என்ற உயிர்ச்சத்து பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான். அடிகள் மறைந்ததும் அவ்வாண்டில்தான். அவர்க்குக் கிட்டாத அறிவு நமக்குக் கிட்டியிருக்கிறது.

அறிய வேண்டியவை

தங்கையைப் பார்த்த மருத்துவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்; உண்ண வேண்டியவற்றைத் தாளில் எழுதியும் கொடுத்தார். அவரிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலாவது பி 12. இதை நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. கீரை, பருப்பு, காய் எதிலும் இதை நம்பியிருக்க முடியாது. ஒரு நாளைக்கு வேண்டுவது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான். ஆனால் அது இல்லாதபோது சோகை வரும்; கை கால் மரத்துப் போகும்; நினைவும் தடுமாறும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரியவே சில ஆண்டுகள் ஆகலாம். ஆகையால் நனிசைவர் இதை மாத்திரையாக உட்கொள்வது கட்டாயம். இதில் வீம்பு கூடாது.

இரண்டாவது புரதம். பருப்பு வகைகள் 100 கிராமில் ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் புரதம் உண்டு. சோயாவில் இன்னும் மிகுதி. அரிசியில் குறைந்ததைப் பருப்பு நிரப்பும். பருப்பில் குறைந்ததை அரிசி நிரப்பும். தேங்காய்ப்பால் பாலைப் போல் வெண்மையாக இருந்தாலும் புரதத்தில் அதற்கு ஈடாகாது.

மூன்றாவது சுண்ணாம்புச்சத்து. பசும்பால் 100 மில்லியில் இது ஏறத்தாழ 120 மில்லிகிராம். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். எள்ளும் கீரையும் துணை செய்யும்.

நான்காவது இரும்பு. பயறும் கீரையும் உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு உடலில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது குறையும். மீனை விட்டவர் அயோடின் கலந்த உப்பைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும். ஆளி விதையும் உண்பது நன்று. கருவுற்ற பெண்டிரும் குழந்தைகளும் நோயுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் இவ்வழியில் இறங்கலாகாது. உடலை மெலிவிப்பதே உண்மையான நோக்கமாகி, உணவு என்றாலே அஞ்சும் நிலை ஒருவர்க்கு இருந்தால் அது கொள்கையன்று. மருத்துவ உதவி வேண்டும் நோய்.

அடுப்பங்கரையில் செய்தவை

அடுத்த விடுமுறையில் நான் செய்த முதல் வேலை தங்கையிடம் மன்னிப்புக் கேட்டது. "இனி ஒளிக்க மாட்டோம்" என்றேன். அவள் உடனே நம்பிவிடவில்லை. நம்ப வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

பின்பு தாயாரும் நானும் வீட்டுச் சமையலை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். புட்டும் கடலைக்கறியும், ஓலன், இரசம், சுண்டல், எள்ளுப்பொடி, தேங்காய்ப்பாலில் செய்யும் அடைப் பிரதமன் ஆகியவை முன்பே அவளுக்கு உரியவையாக இருந்தன. அவியலில் தயிருக்குப் பதில் மாங்காய் இட்டோம். மீன்கறிக்குத்தான் வழி தெரியவில்லை. தாயாரே அதைக் கண்டுபிடித்தார். குடம்புளியும் தேங்காயும் சேர்ந்து குழம்பு கொதித்ததும், மீனை இடுவதற்கு முன்பே பாதியை வேறு சட்டியில் ஊற்றினார். ஒன்றில் மத்தி, மற்றொன்றில் முருங்கைக்காய். கரண்டியும் தனித்தனி. மணம் ஒன்றே. "என் குழம்பை நீ விடவில்லையே" என்று தாயார் சொன்னபோதுதான் அவர் மனத்தில் இத்தனை நாள் இருந்த நோவு இன்னது என்று எனக்கு விளங்கியது.

தங்கையும் ஒன்று உணர்ந்தாள். தந்தையார் மீன் உண்ணும்போது முகம் சுளிப்பதை விட்டாள். சோதனையில் ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியது. தந்தையாருக்கு இன்றும் இந்நெறியில் உடன்பாடில்லை. ஆயினும் கடைவீதியிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் எள் வாங்கி வருகிறார். ஏன் என்று எவரும் கேட்பதில்லை.

நண்பர்களே, குடும்பத்தில் ஒருவர் உணவு நெறியை மாற்றினால் நாமும் மாறவேண்டும் என்பதில்லை. அவர் வாதத்தை ஒப்ப வேண்டும் என்பதும் இல்லை. இரண்டைக் கொடுத்தால் போதும். ஒன்று, உண்மை, மற்றொன்று, அறிவு. உண்மையில்லாத அன்பு பட்டினியில் கொண்டு விட்டதை என் வீட்டில் கண்டேன். அறிவில்லாத கொள்கையும் நோயில் கொண்டு விடும். இப்போது என் தாயார் ஒவ்வொரு வேளையும் தங்கையின் இலையருகே நின்று, "இதில் நெய் இல்லை" என்று சொல்லிப் பருப்பை ஊற்றுகிறார். அவள் நிமிர்ந்து பாராமலே பிசைந்து உண்கிறாள்.