இடுக்கண் வந்தபோது எழுந்த பாட்டு

 

இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். நோன்பு, ஸக்காத்து, வாரிசுரிமை முதலான பொருள்களையே இப்பக்கத்தில் கண்டு பழகியவர்கள், 'ராப்' என்னும் சொல்லிசையைப் பற்றியும், 1989-ஆம் ஆண்டின் ஓர் ஒலிநாடாவைப் பற்றியும் இங்கே என்ன பேச்சு என்று கேட்கக்கூடும். காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

மீலாது விழா ஏற்பாட்டுக்காக நாம் சிலர் கூடியிருந்தபோது ஒரு வாலிபர் வந்தார். நம் தங்காக்கின் துணிக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவர். தகப்பனாரை இழந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. தாயாரும் தங்கைகள் இருவரும் அவருடைய சம்பளத்தையே நம்பியிருக்கிறார்கள். கைப்பேசியில் எழுதி வைத்திருந்த சில வரிகளைக் காட்டி, "மாமா, இதை நான் மேடையில் சொல்லலாமா? ராப் மாதிரி இருக்கும், ஆனால் துஆதான்" என்றார். "ராப்பா? மீலாது மேடையிலா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். நாமும் சிரித்தவர்களில் ஒருவரே. அவர் ஒன்றும் பேசாமல் ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் எழுதியதை எங்களில் ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. அன்றிரவு படுக்கைக்குச் சென்றபின் இந்த எண்ணமே நம்மை உறுத்தியது. வாசிக்காமலே தள்ளுவதற்கு நமக்கு என்ன உரிமை இருந்தது? இக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இப்பாடம்.

1. திருமறை வைத்த அளவுகோல்

திருக்குர்ஆனின் 26-ஆம் அத்தியாயத்திற்குப் பெயரே 'கவிஞர்கள்' என்பதாகும். அதன் இறுதியில், திக்குத் தெரியாமல் அலைபவர்கள் என்றும், செய்யாததைச் சொல்பவர்கள் என்றும் கவிஞர்கள் கடிந்து பேசப்படுகிறார்கள். பாட்டு என்றாலே முகம் சுளிப்பவர்கள் இவ்விடத்தை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அத்தியாயம் அங்கே முடியவில்லை. கடைசி வசனம் ஒரு விலக்கை வைக்கிறது. ஈமான் கொண்டவர்கள், நற்செயல் புரிபவர்கள், அல்லாஹ்வை அதிகமாக நினைவுகூர்பவர்கள், அநீதிக்கு ஆளானபின் தம்மைத் தற்காத்துக்கொள்பவர்கள் ஆகியோர் அக்கண்டனத்திற்கு உட்பட்டவர்கள் அல்லர் என்பது அதன் கருத்து.

இந்நான்கையும் நன்கு கவனியுங்கள். ஒன்று உள்ளத்தைப் பற்றியது. ஒன்று செயலைப் பற்றியது. ஒன்று நாவைப் பற்றியது. மற்றொன்று துன்பத்தைப் பற்றியது. துன்பப்பட்டவன் வாய் திறப்பதற்கு மறையே இடம் வைத்திருக்கிறது. திறந்த வாய் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதே கேள்வி.

நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. மகனைப் பிரிந்து, அழுதழுது கண்ணொளியை இழந்த அப்பெருமான், தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகக் கூறினார்கள். அல்லாஹ்வைக் குறைகூறுவது வேறு. அல்லாஹ்விடம் குறையைக் கூறுவது வேறு. முன்னது ஈமானைக் கரைக்கும். பின்னது ஈமானின் அடையாளமாகும்.

2. போர்வை பெற்ற பாட்டுகள்

கஅபு இப்னு ஸுஹைர் என்னும் அரபுக் கவிஞர் முதலில் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் இஸ்லாத்தையும் வசைபாடியவர். மக்கா வெற்றிக்குப்பின் உயிருக்கு அஞ்சி, புகலிடமின்றி அலைந்து, முடிவில் மதீனாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டுத் தம் பாட்டைப் பாடினார். அவரை மன்னித்த நாயகம் (ஸல்) அவர்கள், தங்கள் போர்வையை எடுத்து அவருக்கு வழங்கினார்கள் என்று வரலாறு கூறுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸிரி (ரஹ்) அவர்களின் 'புர்தா' நம் வீடுகளுக்குப் புதியதன்று. பக்கவாதம் தாக்கி, உடலின் ஒரு பாதி செயலற்றுக் கிடந்த நிலையில் அவர்கள் அதை இயற்றினார்கள் என்றும், கனவில் நாயகம் (ஸல்) அவர்கள் போர்வை போர்த்தக் கண்டு விழித்தபோது நோய் நீங்கியிருந்தது என்றும் சொல்வார்கள். புர்தா என்னும் சொல்லுக்கே போர்வை என்பது பொருள்.

நம் தமிழிலும் இதற்கென்று ஓர் இலக்கிய வகையே உண்டு. கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் ஆகியவற்றோடு தமிழ் முஸ்லிம் புலவர்கள் வளர்த்தது 'முனாஜாத்து'. அடியான் இறைவனோடு தனித்து உரையாடுவது என்பது அதன் பொருள். தன் நோயையும் வறுமையையும் பாவத்தையும் சொல்லி இரங்கி நிற்கும் பாட்டு அது. தாயிராவைத் தட்டிக்கொண்டு வீதியில் வந்த பக்கீர்மார்களின் பாட்டுகளை நம் பெரியவர்கள் திண்ணையிலிருந்து கேட்டார்கள். நாகூர் ஹனீபா அவர்கள் 2015-இல் மறைந்துவிட்டார். எனினும் அவர் குரலை ஒலிபெருக்கியில் வைக்காமல் நாம் எந்த விழாவைத் தொடங்கியிருக்கிறோம்? அப்பாட்டுகளிலும் வாத்தியம் உண்டு. நாம் பழகிவிட்டதால் அது நம் காதுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

3. ராப் என்பது யாது?

இராகத்தை இழுத்துப் பாடாமல், தாளத்தின் மேல் சொல்லை அடுக்கிச் சொல்லுவதே ராப். 1970-களில் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் கறுப்பின வாலிபர்களிடையே அது உருவாயிற்று. ஆபாசமும் அகம்பாவமும் நிறைந்த ராப் ஏராளமாக உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பெரியவர்களின் அச்சம் காரணமற்றதன்று. ஆனால் அதே முறையில் வேறு விதமாகவும் சொன்னவர்கள் உண்டு. அமெரிக்காவில் 'பிரதர் அலி' என்றொருவர் இருக்கிறார். பிறவியிலேயே மேனியில் நிறமின்றி, பார்வையும் மிகக் குன்றியவர்; பதினைந்தாம் வயதில் இஸ்லாத்தைத் தழுவியவர். 2017-இல் அவர் வெளியிட்ட தொகுப்பிலே, தம் தகப்பனார் தற்கொலை செய்துகொண்ட துயரத்தையும் மறைக்காமல் சொல்லி, அதே தொகுப்பில் இறைவன் படைத்த வாழ்வின் அழகையும் பேசுகிறார்.

தமிழில் சொல்லிசைக்கு நம் மலேசியாவே ஒரு முக்கியமான களம். யோகி பி குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பு 2006-இல் வந்தபோது தமிழ்நாட்டு வாலிபரும் அதைக் கேட்டுக் கற்றனர். அதற்கும் முன்னே, 1994-இல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' என்ற பாட்டு பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. அதற்கு இசையமைத்தவர் ஏ. ஆர். ரஹ்மான். சென்னைப் பேட்டையின் பேச்சைத் தாளத்தில் ஏற்றிய அதே கை, அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் செய்த வேறொரு வேலையைப் பலர் அறியார். அதுவே நம் பாடத்தின் நடுப்பொருள்.

4. 'தீன் இசை மாலை'

1967-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் சென்னையில் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் திலீப் குமார். தந்தை ஆர். கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். 1976-இல் அவர் காலமானார். அப்போது பிள்ளைக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற வாத்தியக் கருவிகளை வாடகைக்கு விட்டுத் தாயார் குடும்பத்தைக் காத்தார். பிள்ளையும் சிறு வயதிலேயே மற்ற இசையமைப்பாளர்களிடம் வாசித்துச் சம்பாதிக்க வேண்டியதாயிற்று. அதனால் பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. மற்றப் பிள்ளைகள் பந்து விளையாடும் வயதில் இவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றார்.

வெளியே தெரிந்த துன்பம் இது. வெளியே தெரியாததை அவரே 2018-இல் கூறினார். இருபத்தைந்து வயது வரை, வாழ்வை முடித்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் தமக்கு வந்துகொண்டே இருந்ததாம். தந்தையை இழந்ததால் ஏற்பட்ட வெறுமை நிரம்பவேயில்லை என்றார். இதை வாசிக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, சற்றே நில்லுங்கள். உலகம் போற்றும் ஒருவருடைய உள்ளத்தில் அத்தனை ஆண்டுகள் இந்த இருள் இருந்ததென்றால், நம் வீட்டில் வாய் திறவாமல் சோறு உண்டு எழுந்துபோகும் பிள்ளையின் உள்ளத்தில் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியுமா?

அந்த இருளில் அக்குடும்பத்திற்குக் கிடைத்தது ஒரு ஸூபிப் பெரியாரின் அன்பு. கரீமுல்லாஹ் ஷா காதிரி என்னும் அப்பெரியாரின் தொடர்பால் 1980-களின் இறுதியில் குடும்பம் இஸ்லாத்தைத் தழுவியது. தாயார் கரீமா பேகம் ஆனார். இன்னொரு செய்தியும் சுவையானது: சோதிடம் பார்க்கப் போனபோது, 'அப்துல் ரஹ்மான்' அல்லது 'அப்துல் ரஹீம்' என்னும் பெயர் இவருக்குப் பொருந்தும் என்று சொன்னவர் ஓர் இந்துச் சோதிடரே. 'ரஹ்மான்' என்ற பெயர் அவருக்குப் பிடித்துவிட்டது. நாம் சோதிடத்தை நம்புகிறவர்கள் அல்லர். ஆயினும் அல்லாஹ் யார் வாயிலாக எதைத் தருவான் என்பதை யார் அறிவார்?

அக்காலத்தில், தாயாரின் நகை கொண்டு வாங்கிய கருவியோடு வீட்டின் பக்கத்திலேயே சிறு ஒலிப்பதிவுக் கூடம் எழுந்தது. 1989-இல் அவர் 'தீன் இசை மாலை' என்னும் தமிழ் இஸ்லாமியப் பாடல் தொகுப்புக்கு இசையமைத்தார். சினிமாவுக்கு மூன்றாண்டு முந்தியது அது. 'ரோஜா' வந்தது 1992-இல்தான். அப்போது அவரை உலகம் அறியாது. விருதும் இல்லை, பெரும் பணமும் இல்லை. விளம்பரங்களுக்கு இசையமைத்து வயிறு வளர்த்த ஓர் இளைஞர், நம் தமிழிலே, நம் தீனைப் பற்றிய பாட்டுகளுக்குத் தம் இசையைக் கொடுத்தார். தம் இசை வாழ்வின் தொடக்கத்தில் இதை வைத்தார் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பின்னர் வந்தவை யாவரும் அறிந்தவை. 2008-இல் 'ஜோதா அக்பர்' படத்தில் அஜ்மீர் ஹாஜா (ரஹ்) அவர்களை நினைந்து தாமே இசையமைத்துப் பாடினார். 2009 பிப்ரவரியில் ஆஸ்கார் மேடையில் இரண்டு விருதுகளைப் பெற்றபோது, "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழிலே சொன்னார். தம் வாழ்வில் வெறுப்பு, அன்பு என்னும் இரண்டு வழிகள் இருந்தன என்றும், தாம் அன்பைத் தேர்ந்தெடுத்ததாகவும் அங்கேயே கூறினார். திருமறை கூறிய மூன்றாம் அடையாளமாகிய இறைநினைவு இதுதான்! நற்செயலுக்கும் சான்று உண்டு. 2008-இல் சென்னையில் இசைக் கல்லூரி தொடங்கி, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்திய இசை கற்பிக்கவும் வழி செய்தார். வாத்தியங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்த வீட்டுப் பிள்ளை, பிறர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் வாத்தியத்தைக் கொடுத்தார்.

5. எதிர்ப்பும் விடையும்

அவரை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். 2015-இல், நாயகம் (ஸல்) அவர்களின் இளமைக்காலத்தைப் பற்றி ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி எடுத்த படத்திற்கு இசையமைத்ததற்காக மும்பையிலுள்ள ஓர் அமைப்பு அவருக்கு எதிராக ஃபத்வா வெளியிட்டது. அவர் கோபப்படவில்லை. தாம் மார்க்க அறிஞர் அல்லர் என்பதை ஒப்புக்கொண்டார். நல்லெண்ணத்தோடுதான் இசையமைத்ததாகச் சொன்னார். மறுமையில் அல்லாஹ் தம்மைப் பார்த்து, 'உனக்குத் திறமையும் புகழும் செல்வமும் கொடுத்தேனே, என் நேசருக்காக நீ ஏன் இசையமைக்கவில்லை?' என்று கேட்டால் என்ன விடை சொல்வது என்று தம் கடிதத்தில் வினவினார்.

வாத்தியத்தைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று, அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்க. நாம் சொல்ல வருவது வேறு. வாத்தியமின்றிச் சொல்லலாம், தஃப்பு மட்டும் வைத்துச் சொல்லலாம், எந்த மேடை ஏற்றது என்று கூடிப் பேசலாம். இவையெல்லாம் பிறகு. முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

6. நாம் பெறும் படிப்பினை

துன்பம் வந்தவன் பேசியே தீருவான். ஒருவன் போதையில் பேசுகிறான். ஒருவன் கைகலப்பில் பேசுகிறான். ஒருவன் பேசாமலே மாய்ந்துபோகிறான். ஒருவனோ அல்லாஹ்விடம் பேசுகிறான். இக்கடைசி வகையினன் நம் வாசலுக்கு வந்தால், அவன் கையில் என்ன மேளம் இருக்கிறதென்று விசாரிக்குமுன் அவன் மனத்தில் என்ன பாரம் இருக்கிறதென்று விசாரிப்போமாக. அந்த ஸூபிப் பெரியாரின் வாசலில் அக்குடும்பத்திற்குச் சிரிப்பொலி கேட்டிருந்தால், 'தீன் இசை மாலை' பிறந்திருக்குமா?

வீட்டில் கலந்து பேசுவதற்குச் சில வினாக்கள்:

கஅபு இப்னு ஸுஹைர் வந்தபோது நாம் அந்தச் சபையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

நம் பிள்ளைகள் கேட்கும் பாட்டுகளில் ஒன்றையாவது முழுதும் கேட்டு, அதன் பொருளை அவர்களிடம் கேட்டதுண்டா?

நமக்கு இடுக்கண் வந்தபோது நாம் முதலில் யாரிடம் பேசினோம்?

இதை எழுதுமுன் நாம் அந்தத் துணிக்கடைக்குப் போனோம். வாலிபர் துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, அன்று சிரித்தது எங்கள் தவறு. நீ எழுதியதைக் காட்டு" என்றோம். முதலில் தயங்கினார், பிறகு கைப்பேசியை நீட்டினார். அத்தாவின் கைலியை அம்மா இன்னும் துவைத்து மடித்து வைப்பதைப் பற்றி எழுதியிருந்தார். முடிவில், அத்தாவின் கப்றை விசாலமாக்கித் தருமாறு ரப்பிடம் கேட்டிருந்தார். தாளம் எமக்குப் புரியவில்லை. துஆ நன்றாகவே புரிந்தது. அதை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னும் வாசிக்கும்படி கேட்டிருக்கிறோம். மேடையைப் பற்றி வாசித்தபின் முடிவு செய்வோம்.

யா அல்லாஹ்! துயருற்றோரின் நாவை உன் பக்கம் திருப்புவாயாக. அவர்கள் பேசும்போது கேட்கும் செவியை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.