ஆறாவது இடத்தில் இறங்கியவர்

2001 மார்ச், கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். தொடர்ந்து 16 டெஸ்ட் போட்டிகளை வென்று வந்த ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 274 ரன் பின்தங்கி, பாலோ ஆன் ஆடுகிறது. ராகுல் டிராவிட் வழக்கமாக இறங்கும் மூன்றாம் இடம் வி.வி.எஸ். லட்சுமணுக்குப் போகிறது. டிராவிட்டுக்கு ஆறாவது இடம்.

அவருக்கு வலிக்காமலா இருந்திருக்கும்? சதம் அடித்ததும் பத்திரிகையாளர்கள் இருந்த மாடத்தை நோக்கி மட்டையை நீட்டினார். ஆனால் தன் இடத்துக்கு வந்த அதே லட்சுமணோடு நான்காம் நாள் முழுக்க விக்கெட் விழாமல் நின்றார். இருவரும் சேர்ந்து எடுத்தது 376 ரன். லட்சுமண் 281, டிராவிட் 180. தோற்க வேண்டிய ஆட்டத்தை இந்தியா 171 ரன் வித்தியாசத்தில் வென்றது.

டெஸ்டில் 13,288 ரன் எடுத்த டிராவிட்டை மதிக்க அந்தக் கணக்கே போதும். ஆனால் அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் மக்கள் அவர்மேல் வைத்திருக்கும் பிரியம், இடம் பறிபோன நாளில் அவர் நடந்துகொண்ட விதத்தால் வந்தது என்பேன்.

உங்கள் பொறுப்பும் ஒருநாள் சக ஊழியரின் கைக்குப் போகலாம். காரணத்தை மேலாளரிடம் நேரில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிறகு கோப்புகள், பாதியில் நிற்கும் வேலைகள், எந்த வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் புதியவரிடம் ஒப்படையுங்கள். டீக்கடையில் அவரைப் பற்றிப் புலம்பாதீர்கள். முதல் வாரம் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை அலுவலகம் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

2003 உலகக் கோப்பையில் அணிக்குக் கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன் வேண்டும் என்பதற்காக டிராவிட்டே விக்கெட் கீப்பிங் செய்தார். இதில் மட்டும் ஓர் எச்சரிக்கை: கூடுதல் வேலையை ஏற்கும்போது எத்தனை மாதம், கையில் உள்ளதில் எதைக் குறைப்பது என்று கேட்டு, மின்னஞ்சலில் பதிவு செய்துவிடுங்கள். கேட்காமல் சுமப்பவர்மீதுதான் அடுத்த மூட்டையும் ஏறும்.

பணம் வரும்போதும் அவர் மாறவில்லை. 2018இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றதும் பயிற்சியாளர் டிராவிட்டுக்கு 50 லட்சம், துணைப் பணியாளர்களுக்குத் தலா 20 லட்சம் என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. எல்லோருக்கும் ஒரே தொகை வேண்டும் என்றார் அவர். கடைசியில் அவருக்கும் 25 லட்சம், மற்றவர்களுக்கும் 25 லட்சம். போனஸைப் பங்கிடும் அதிகாரம் நம்மில் பலருக்கு இல்லை. ஆனால் பாராட்டுக் கடிதம் உங்கள் பெயருக்கு மட்டும் வந்தால், உடன் உழைத்தவர்களின் பெயரையும் அவர்கள் செய்ததையும் எழுதிப் பதில் அனுப்பலாம். அதை அன்றே செய்யுங்கள்.

2007 உலகக் கோப்பையில் டிராவிட் தலைமையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியது, அதுவும் மேற்கிந்தியத் தீவுகளில். அதே தீவுகளில், 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில், டி20 உலகக் கோப்பையை வென்ற அணியின் பயிற்சியாளராக அவர் ஓரமாக நின்றார். விராட் கோலி கோப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.