விழி ஆடினால் காதா, மூளையா?

கேள்வி: இரண்டு நாளாகத் தலைசுற்றும் அம்மாவுக்குக் கருவிழி தானாகவே ஆடுகிறது. காதுக் கோளாறுதானா, மூளையையும் பார்க்க வேண்டுமா?

பதில்: ஆட்டத்தின் திசையைக் கவனியுங்கள். இமை துடிப்பது வேறு. இங்கே விழியே மெல்ல நழுவி, வெடுக்கென்று திரும்புகிறது. உள்காது நரம்பு அழற்சியில் எப்பக்கம் பார்த்தாலும் அந்த வெடுக்கு ஒரே திசையில் இருக்கும். ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால் தணியும். பார்க்கும் பக்கத்துக்கேற்பத் திசை மாறினாலோ, நேர் கீழாக இழுத்தாலோ சிறுமூளை, மூளைத்தண்டுக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். ‘ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா?’ எனலாம். பக்கவாதத்தின் முதல் இரண்டு நாளில் எம்.ஆர்.ஐ.கூடச் சிலருக்குக் கோட்டைவிடும். வலிப்பு மாத்திரையும் மதுவும்கூட விழியை ஆட்டும் என்பது உண்மைதான். திசை மாறாததாலேயே மூளை தப்பியது என்றும் ஆகாது. எனவே நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.