கூடையின் அடிப்பூ

அப்பா ஓசூர்ப் பக்கம் செண்டுமல்லி விவசாயி. வாரத்தில் இரண்டு மூன்று நாள், பின்னிரவில் மினி லாரியில் கூடைகளை ஏற்றிக்கொண்டு பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்கு வருவார். வேலைக்காக நான் அல்சூரில் குடியேறிய பிறகு, அவர் வருகிற நாள்களில் விடியற்காலை நான்கு மணிக்கு நானும் மார்க்கெட்டில் இருப்பேன். தலைக்கு மேல் தொங்கும் பல்பு வெளிச்சம், மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குவிந்த பூ, நடுவில் விலை பேசும் அப்பாவின் முகம். அந்த முகத்தை ஒரு நல்ல படமாக எடுத்து வீட்டில் மாட்ட வேண்டும். நான் கேமரா வாங்க ஆசைப்பட்டதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

2016-இல் 18,000 ரூபாய் சேர்த்து ஒரு கேமரா வாங்கினேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '20 மெகாபிக்சல்', அதைவிடப் பெரிய எழுத்தில் '40 மடங்கு ஜூம்' என்று அச்சிட்டிருந்தது. மார்க்கெட்டின் மாடி நடையில் நின்று பார்த்தால் கீழே பூ வியாபாரம் முழுக்கத் தெரியும். படம் எடுப்பவர்கள் எல்லோரும் ஏறி நிற்கிற இடம் அது. அங்கிருந்து ஜூம் செய்து அப்பாவை எடுத்தேன். சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. மடிக்கணினியில் பெரிதாக்கிக் காட்டியபோது அப்பா கேட்டார்: "என்னடா இது, என் மூஞ்சி புகையாட்டம் இருக்கு?"

அன்று எடுத்த அறுபது படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. தப்பு எங்கே என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஆனால் அந்தப் பாடத்தை அப்பா என் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார். மார்க்கெட்டுக்குப் புதிதாக வருகிற வியாபாரி கூடையின் மேல்பூவைப் பார்த்து விலை சொல்வார். பழகியவர் முழங்கை வரை கையை விட்டு அடியில் கிடக்கும் பூவை எடுத்துப் பார்ப்பார். "மேல்பூவுக்கு விலை சொல்றவன் அடிப்பூவுக்கு அழுவான்" என்பார் அப்பா. பெட்டியில் அச்சிட்டிருந்த இரண்டு எண்களும் மேல்பூ. நான் அதற்குத்தான் காசு கொடுத்திருந்தேன்.

பெட்டியில் அச்சிடாத அளவு

முதலில் மெகாபிக்சல் கணக்கு. ஏ4 தாளில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் தரமாக அச்சடிக்க 2480 × 3508 புள்ளிகள் போதும். பெருக்கினால் 9 மெகாபிக்சல்கூட வராது. கல்யாண ஆல்பத்தின் 12 × 18 அங்குலப் பக்கத்துக்கே 20 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடும். பத்து வருடப் பழைய கேமராக்களிலேயே 16, 18, 24 மெகாபிக்சல் இருக்கிறது. ஆகவே இந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சாரின் அளவை. என் முதல் கேமராவின் சென்சார் ஏறக்குறைய 6.2 × 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஏபிஎஸ்-சி என்று சொல்லப்படும் வகையின் சென்சார் ஏறக்குறைய 23.5 × 15.6 மில்லிமீட்டர். பரப்பளவில் இது 13 மடங்கு பெரியது. மழை பெய்யும்போது வாசலில் கிண்ணத்தையும் அண்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? வெளிச்சமும் மழை மாதிரிதான். மார்க்கெட்டின் பல்பு வெளிச்சம் ஒரு தூறல், அதைப் பிடிக்க நான் கிண்ணத்தை நீட்டியிருந்தேன்.

அடுத்தது ஜூம். ஜூம் கூடக்கூட அந்த மாதிரிக் கேமராவின் லென்ஸ் துளை சுருங்கும். உள்ளே வரும் வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். நான் எடுத்த படங்களில் ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 12-இல் ஒரு பங்கு. அதற்குள் அப்பாவின் தலை அசைந்திருக்கும். முகம் புகையாகாமல் வேறு என்ன ஆகும்?

மூன்று கேள்விகள்

கேமரா வாங்க நினைக்கும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். கடைக்குப் போகும் முன் உங்கள் ஃபோனில் இருக்கும் கடைசி நூறு படங்களைப் பாருங்கள். சரியாக வராமல் போனவற்றைத் தனியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி கேளுங்கள். வெளிச்சம் எவ்வளவு? தூரம் எவ்வளவு? அசைவு எவ்வளவு?

பெங்களூரிலும் அதற்கு வெளியிலுமாக மூன்று இடங்களை வைத்து இதை விளக்கலாம். லால்பாக்கில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும். கண்ணாடி மாளிகையின் கூரை வழியே பரவலான பகல் வெளிச்சம் இறங்கும், பூக்கள் கைக்கெட்டும் தூரத்தில் அசையாமல் இருக்கும். இதற்கு நல்ல ஃபோனே போதும். உங்கள் படங்களில் பெரும்பாலானவை இப்படியென்றால் கேமராவே வாங்காதீர்கள், காசு மிச்சம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே ரங்கனத்திட்டு இருக்கிறது. பறவையியலாளர் சலீம் அலியின் யோசனையால் 1940-இல் பறவைச் சரணாலயமானது. அங்கே படகில் இருந்தபடி நாரைகளை எடுக்கப் பகல் வெளிச்சம் உண்டு, ஆனால் தூரமும் அசைவும் அதிகம். 300 மில்லிமீட்டர் லென்ஸ் தேவைப்படும், ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்கு நெருக்கமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பெங்களூரின் கரகத் திருவிழா. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கரகம் புறப்படும். மல்லிகைப் பூங்கோபுரம் தலையில் ஆட, வீரகுமாரர்கள் வாளோடு ஓடிவருவார்கள். வெளிச்சம் குறைவு, அசைவு அதிகம், தூரம் மட்டும் கொஞ்சம்தான். இதற்குப் பெரிய ஜூம் எதற்கும் உதவாது. அகன்ற துளை கொண்ட சின்ன லென்ஸ்தான் உதவும். என் மார்க்கெட் படங்களும் இந்த வகைதான். இந்தக் கேள்விகளை 2016-இல் கேட்டிருந்தால் 18,000 ரூபாய் தப்பியிருக்கும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

2019 தொடக்கத்தில் மறுபடி 30,000 ரூபாய் சேர்ந்தது. இந்த முறை முழுத் தொகையையும் ஒரு புதுக் கேமராவில் போடவில்லை. பழைய நிக்கான் டி3300, கூடவே வரும் 18-55 லென்ஸோடு 18,000 ரூபாய். பழைய 35 மில்லிமீட்டர் எஃப் 1.8ஜி லென்ஸ் 8,000. மீதியில் மெமரி கார்டு, இன்னொரு பேட்டரி, பை.

இதில் என் வாழ்க்கையை மாற்றியது அந்த 8,000 ரூபாய் லென்ஸ். எஃப் எண் சின்னதானால் துளை பெரிது என்று பொருள். 18-55 லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் துளை எஃப் 5.6 ஆகிவிடும். எஃப் 1.8-இல் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஜூம் கிடையாது, அருகே வேண்டுமானால் நடந்து போக வேண்டும். ஆனால் 1/12 நொடி எடுத்த இடத்தில் 1/125 நொடியில் படம் விழும். கேமரா பாடி சில வருடத்தில் பழசாகிவிடும், நல்ல லென்ஸோ அடுத்த பாடிக்கும் கூடவே வரும். பட்ஜெட் எவ்வளவு சின்னதானாலும் மூன்றில் ஒரு பங்கை லென்ஸுக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் பாடி தேடுங்கள்.

2018-இல் நிக்கானும் கேனனும் பெரிய சென்சார் கொண்ட மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வரிசைகளைக் கொண்டுவந்தன. அதன்பின் பலர் கண்ணாடி உள்ள தங்கள் டிஎஸ்எல்ஆர்களை விற்று மாறிவிட்டார்கள். நம்மைப் போல் அளந்து செலவழிப்பவர்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. டி3300, டி5300, கேனன் 200டி போன்றவை இன்றும் நல்ல படம் தரும். மிரர்லெஸ்தான் வேண்டும் என்றால் 2014-இல் வந்த சோனி ஏ6000 பழைய சந்தையில் தேடத் தகுந்தது.

நிக்கானில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8டி லென்ஸை அவற்றில் மாட்டினால் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருப்ப வேண்டும். பெயரில் 'ஏஎஃப்-எஸ்' என்று இருக்கும் லென்ஸா என்று பார்த்து வாங்குங்கள்.

பழையதை வாங்கும்போது

இங்கேதான் கூடைக்குள் கையை விட வேண்டும். டி3300-க்கு முன்பே ஒருவரிடம் 4,000 ரூபாய்க்கு ஒரு பழைய லென்ஸ் வாங்கியிருந்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வந்து ஃபோன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்யக் கேட்ட கூலி லென்ஸின் விலையைத் தொட்டது. அதன்பின், கீழே சொல்லும் இந்தச் சோதனை வரிசையை நான் மீறியதே இல்லை.

டார்ச் அடித்து லென்ஸை முன்னும் பின்னும் பாருங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை, இழை இழையாகவோ பனி படிந்த மாதிரியோ தெரிந்தால் வேண்டாம். கடலோர ஊர்களில் இருந்து வந்த லென்ஸ் என்றால் இரண்டு தடவை பாருங்கள்.

துளையை எஃப் 16-க்குச் சுருக்கி வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. சில என்றால் துடைத்துவிடலாம், கீறல் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் எடுத்த படத்தின் உள்விவரத்திலேயே அந்த எண் பதிந்திருக்கும். அங்கேயே ஒரு படம் எடுத்து, திருத்தாத அந்தக் கோப்பில் பார்க்கலாம். பல கேனன் மாடல்களில் இப்படிப் பார்க்க முடியாது, கேமராவைக் கணினியில் இணைத்துத்தான் அறிய வேண்டும். டி3300-இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. நான் வாங்கியதில் எண் 14,000-ஐச் சுற்றி இருந்தது.

ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துங்கள், ஃபிளாஷை எழுப்புங்கள், கார்டைப் போட்டு எடுங்கள். பழைய பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். கேமராவைக் கையில் வாங்கிச் சோதிக்கும் முன் முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். புதிது வாங்குபவர்களும், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் இந்திய வாரண்டி உண்டா, ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணைப் போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். தயங்கினால் அந்த மலிவு வேண்டாம்.

ஒரு நாள் வாடகை

பெங்களூரில் கேமராவையும் லென்ஸையும் நாள் வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. அடையாள அட்டை நகலும் முன்பணமும் கேட்பார்கள். நினைத்திருக்கும் மாடலை ஒரு சனிக்கிழமை எடுத்து, நீங்கள் உண்மையில் படம் எடுக்கப்போகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். கடை வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். நான் டி3300-ஐ வாடகைக்கு எடுத்து மார்க்கெட்டில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகே வாங்கினேன். ரங்கனத்திட்டுக்கு வருடத்தில் ஒரு தடவை போகிறேன், அன்று மட்டும் நீள லென்ஸை வாடகைக்கு எடுப்பேன். ஒரு நாள் தேவைக்காக வருடம் முழுக்க அலமாரியில் காசைப் பூட்டி வைப்பானேன்?

வாங்கிய பிறகு

மெமரி கார்டை மலிவு பார்த்து வாங்காதீர்கள், போலி நிறைய உலவுகிறது. பெங்களூரின் எஸ்.பி. ரோடு போன்ற சந்தையில் வாங்கினால் பில்லோடு வாங்கி, அன்றே கார்டை முழுக்க நிரப்பி எல்லாப் படமும் திறக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்துக்கு, மூடி இறுக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். அதைவிட முக்கியம், வாரம் ஒரு முறையாவது கேமராவை வெளியே எடுப்பது. பைக்குள்ளேயே கிடக்கும் லென்ஸில்தான் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

படம் எடுக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் போங்கள். 1971-இல் தொடங்கிய யூத் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி போன்ற அமைப்புகள் இந்த ஊரில் இருக்கின்றன. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 2017-இல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள், ஃபிலிம் காலத்திலேயே உலகம் மதிக்கும் காட்டுயிர்ப் படங்களை எடுத்தவர். ஒரு சுருளுக்கு 36 படம், எடுத்தது சரியா என்று கழுவிப் பார்க்கும் வரை தெரியாது. அப்படிப்பட்டவர்கள் வெளிச்சத்தை எவ்வளவு பொறுமையாகப் படித்திருக்க வேண்டும் என்று நினைத்தால், நம் கையில் இருக்கும் பழைய டிஜிட்டல் கேமரா பெரும் செல்வமாகத் தெரியும்.

டி3300 வாங்கிய அடுத்த வாரம் மார்க்கெட்டுக்குப் போனேன். மாடி நடைக்கு ஏறவில்லை. கூடைகளுக்கு நடுவே, அப்பாவுக்கு நாலடி தள்ளி நின்றேன். எஃப் 1.8, 1/125 நொடி, ஐஎஸ்ஓ 1600. அவர் கூடையைச் சாய்த்து ஒருவருக்கு அடிப்பூவைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்தேன். 12 × 18-இல் அச்சடித்து, சட்டம் போட்டு, ஊருக்குக் கொண்டுபோனேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். தன் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூடையின் ஓரத்தில் தெரிந்த ஒரு பூவின் மேல் விரலை வைத்து, "இது நம்ம மேட்டுக்காட்டுப் பூடா" என்றார்.