வயிற்றிலேயே எழுதப்பட்ட தலையெழுத்தா?

வடமதுரைப் பக்கம் ஒரு தம்பதி பிள்ளையைத் தத்தெடுப்பதாகத் தெரிந்தால் போதும், "பெத்தவ என்ன பழக்கம் உள்ளவளோ?" என்று கேட்க நாலு பேர் வந்துவிடுகிறார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு 2001-இல் வந்தது. தொட்டிலில் விடப்பட்ட பிள்ளையின் பூர்வீகம் பெரும்பாலும் தெரியாது. தெரியாத இடத்தை வதந்தி நிரப்பிக்கொள்கிறது.

"போதை ஏறிய வயிற்றில் பிறந்தது போதைக்கு அடிமையாகத்தான் பிறக்கும், வளர்ந்தாலும் உருப்படாது" என்கிறார்கள். கெடுதல் என்று தெரிந்தும் தேடிப் போவதுதான் அடிமைத்தனம். பச்சிளங்குழந்தைக்கு அது எப்படி வரும்? தாய் அபின் வகைப் போதைக்குப் பழகியிருந்தால், பிறந்த சில நாட்களில் பிள்ளைக்கு நடுக்கமும் ஓயாத அழுகையும் வரலாம். சிகிச்சையில் அவை தணிந்துவிடும். அமெரிக்காவில் 1980-களில் கொக்கைன் தாய்மார்களின் பிள்ளைகளைத் தேறாதவர்கள் என்றே பலர் முடிவு கட்டினார்கள். பிலடெல்பியாவில் டாக்டர் ஹாலம் ஹர்ட் 224 குழந்தைகளோடு ஓர் ஆய்வைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். கொக்கைன் பட்ட பிள்ளைகளுக்கும் அதே ஏழ்மையில் பிறந்த மற்ற பிள்ளைகளுக்கும் அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு சாராரையும் பின்னுக்கு இழுத்தது வறுமை.

பிறகும் இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? பெற்ற பிள்ளை பள்ளியில் அடிதடி செய்தால் நமக்கு அது குறும்பு. தத்துப்பிள்ளை செய்தால் ரத்தம் பேசுகிறது. ஆதாரத்தை நாமே தயாரித்துக்கொள்கிறோம்.

"கஞ்சாவும் ஊசியும்தான் ஆபத்து" என்பது அடுத்தது. கருவின் மூளையை நிரந்தரமாகக் கெடுப்பதில் முன்னே நிற்பது மது. அந்தப் பாதிப்புக்கு 1973-இலேயே மருத்துவர்கள் பெயர் சூட்டிவிட்டார்கள். புகையிலைக்குப் பேர்போன வேடசந்தூர் வட்டம் நம்முடையது. வெற்றிலையோடு போயிலையைக் கிள்ளிக் கடைவாயில் அடக்கிக்கொள்ளும் கர்ப்பிணியை யாரும் தடுப்பதில்லை. மெல்லும் புகையிலை பழகிய தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்ததை 2004-இல் வெளியான மும்பை ஆய்வு காட்டியது.

"பாசமாக வளர்த்தால் போதும், பழையதைக் கிளறாதே" என்ற அறிவுரையும் நல்லதல்ல. மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குக் கணக்கு ஏறாது, சொன்னது நிற்காது. காரணம் தெரியாத வீட்டில் அது சோம்பேறி என்று அடி வாங்கும். சிறு வயதிலேயே பாதிப்பைக் கண்டறிந்து, நிலையான வீட்டில் வளர்த்தால், பிற்காலச் சிக்கல்களிலிருந்து தப்பும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுவதாக சியாட்டில் ஆய்வாளர்கள் கண்டார்கள். பாசம் வேண்டும்; அதோடு தகவலும் வேண்டும்.

தத்தெடுப்பவர்களே, குழந்தையின் மருத்துவ அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெற்றவளைப் பற்றித் தெரிந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தெருவுக்கு அது தெரிய வேண்டியதில்லை.